மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க

“தாராவின்னு வாயைத் தொறக்கக் கூடாது தங்கச்சி. சயான் பக்கம்னு சொல்லுங்க. பொய் இல்லையே, பக்கந்தான?”

லிஃப்ட் வாசல்ல நின்னு புரோக்கர் ஜெயினுலாப்தீன் பாய் சொல்லச் சொல்ல, பானுமதிக்குப் பத்திக்கிட்டு வந்தது. சொந்தக் காசுல வீடு வாங்கப் போறவ, இருக்கிற எடத்தை மறைக்கணுமாம்.

“கருவாடு திம்பீங்களான்னு கேட்டா?”

“வீட்டுல சமைக்கிறதில்லன்னு சொல்லுங்க.”

“கமிஷன் வருதுன்னா நீங்க எதை வேணா சொல்லச் சொல்லுவீங்க பாய்.”

“ஏட்டி, சும்மா இரு”ன்னான் புருஷன் நாகராஜ்.

அவ கோவத்துக்கும் காரணம் இருக்கு. பம்பாய் செம்பூர்ல அவ ஏறி இறங்காத பில்டிங் இல்ல. பில்டிங்ல குடியிருக்கிறவங்க வச்சிருக்கிற சொசைட்டி கமிட்டி சரின்னு தலையாட்டினாதான் வீடு கைக்கு வரும். எங்க போனாலும் ஒரே பாட்டு. “எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க.”

“அந்த மத்தவங்க எங்கதான் இருக்காங்க? ஒரு நாளாவது அவங்க மூஞ்சியப் பாக்கணும் பாய்”னு அவ புலம்பாத நாள் கிடையாது.

அதுக்காகக் கண்டதை வாங்க முடியுமா? அவ அத்தை மக முத்துமாரி அப்படித்தான் அம்பர்நாத்துல வாங்கினா. வெயில்ல பாத்த வீடு. மொத மழைக்கே சுவரு அழுதுச்சு. அதுல மாமியா கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போனதும், பீரோ பூசணம் பூத்ததும்... அதை எடுத்தா இன்னிக்கு முடியாது. ஆனா பாய், இந்த வீட்டைக் கொட்டுற மழையில போயி, சுவத்தைத் தடவிப் பாருங்கன்னு சொன்னவரு. அதையும் சொல்லணும்ல.

“வாங்க பாய், மேல போலாம்.”

“நான் இங்கயே இருக்கேன். செக்ரட்டரி அம்மா கையில இதைக் குடுங்க.” ஒரு சின்னப் பொட்டலம். “முருகன் கோயில் விபூதி. காலைல வாங்கிட்டு வந்தேன்.”

“கூட வர்றதுக்கு என்ன வலிக்குதாம்? கமிஷன்னா மட்டும் முன்னால நிப்பாரு”ன்னு லிஃப்ட்ல முணுமுணுத்தா.

விபூதி வேலை செஞ்சது. வீடு கெடச்சது.

மறு வருஷம் கமிட்டிக்கு லேடீஸ் மெம்பர் வேணும்னாங்க. பானுமதி மெம்பர் ஆனா.

போன வாரம் மேல்மாடி வீடு விலைக்கு வந்தது. பாய் வந்தார். மொத தடவையா லிஃப்ட் ஏறி, அவ வாசலுக்கே.

“உக்காருங்க பாய். யாருக்கு வீடு?”

“என் மக ஜுவைரியாவுக்கு. டீச்சரா இருக்கா. சீத்தா கேம்ப்ல ஒத்த ரூம்ல மூணு பிள்ளைகளோட கெடக்கா. லோன் ரெடி. கமிட்டில நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் தங்கச்சி.”

பானுமதி ஃபேனைக் கூட்டி வச்சா. டீ போடவான்னு கேட்டா. பிள்ளைக என்ன படிக்குதுன்னு கேட்டா. பொறவு சேலைத் தலைப்பை நீவிக்கிட்டே சொன்னா.

“எனக்கு ஒண்ணுமில்ல பாய். மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க.”

“கேட்டுப் பாத்தீங்களா?”

“கேக்கணுமா என்ன? தெரிஞ்சதுதான.”

பாய் அவ மூஞ்சியையே கொஞ்ச நேரம் பாத்தார். அப்புறம் எழுந்து செருப்பை மாட்டினார்.

“மத்தவங்க மூஞ்சியப் பாக்கணும்னு சொல்லிட்டே இருப்பீங்களே தங்கச்சி. நான் பாத்துட்டேன்.”