ஆறாவது விதி

பால் பவுடர் டப்பாவைத் தூக்கியபோதுதான் ஜெம்மாவுக்கு அந்தத் தாள் கிடைத்தது.

பஸ் டிப்போவின் டியூட்டி அட்டவணை. அதன் பின்பக்கத்தில், கணவன் கீரனின் கோணல் கையெழுத்தில் ஒரு தலைப்பு: 'மொபைல் கேசினோ - ட்ரெவர் சொன்ன விதிகள்'. கீழே ஒன்றிலிருந்து ஐந்து வரை வரிசையாக எழுதியிருந்தது. ஆறு என்று எண் மட்டும் போட்டு, எதிரே காலி.

வாடகை வீடு, எட்டு மாதக் குழந்தை, ஒற்றைச் சம்பளம். இந்த லட்சணத்தில் இவன் போனில் சூதாடக் கற்றுக்கொள்கிறானா?

குழந்தை எல்சியைத் தள்ளுவண்டியில் போட்டுப் போர்த்தி, விகன் நகரத்து மழையில் டிப்போவுக்கு நடந்தாள். வழியில் அவள் கைப்பேசி 'டிங்' என்றது. திரையைப் பார்க்காமலே அதை எல்சியின் போர்வைக்கு அடியில் செருகினாள்.

கீரன் இந்நேரம் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான். பரவாயில்லை. அவளுக்கு வேண்டியது ட்ரெவர்தான். முப்பது வருடமாகப் பஸ் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் காணிக்கைக் கூடையை ஏந்தி வருகிறவரும் அவரேதான்.

டிப்போ கேண்டீனில், பேக்கன் ரொட்டியைக் கடித்தபடி ட்ரெவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எதிரே நாலு டிரைவர்கள், கையில் போனோடு.

"முதல்ல லிமிட்டைப் போடுங்கடா. வாரத்துக்கு அஞ்சு பவுண்டு. குறைக்கணும்னா அந்த நிமிஷமே குறைஞ்சிரும். ஏத்தணும்னா ஒரு நாளாவது காக்க வைப்பான். அதுக்குள்ள புத்தி வந்துரும்."

அப்புறம் அடுக்கிக்கொண்டே போனார். இணையப் பக்கத்தின் அடியில் உரிம எண் இல்லாத கேசினோவில் கால் வைக்காதே. இலவசச் சுற்று என்று வருவதைத் தொடாதே. அதில் ஜெயித்ததை வெளியே எடுப்பதற்குள் பல மடங்கு ஆட வைத்துவிடுவான். அடையாளச் சீட்டை முன்கூட்டியே அனுப்பி வை; ஜெயித்த பிறகு அனுப்பினால், அவன் சரிபார்த்து முடிப்பதற்குள் நீயே திரும்ப ஆடித் தொலைத்துவிடுவாய். கால் மணிக்கு ஒரு தரம் போன் கத்தும்படி வை.

தாளில் இருந்த அதே ஐந்து.

"ஞானோபதேச வகுப்பு நல்லா நடக்குது" என்றாள் ஜெம்மா, வாசலில் நின்று.

ட்ரெவர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு கண்ணு. டீ சொல்லவா?"

டீ வேண்டாம் என்றாள். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். கோபத்திலும் கெட்ட வார்த்தை வரவில்லை, வாக்கியங்கள்தான் நீண்டன. ஒரு பிள்ளையின் தகப்பனுக்குச் சூதாட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டு எந்தக் கையால் காணிக்கைக் கூடையைப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆள் பிடித்துக் கொடுத்தால் எவ்வளவு கமிஷன் என்று கேட்டாள். எங்கே உங்கள் போன், நீங்கள் ஜெயித்ததைத்தான் பார்ப்போமே என்றாள்.

ட்ரெவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். பட்டன் வைத்த பழைய போன். அதிலும் ஒரு பட்டனைக் காணோம்.

"அதுல இருக்கிறது பாம்பு ஆட்டம் மட்டும்தான்" என்றான் வேய்ன் என்ற டிரைவர். "அதுலயும் தோத்துருவாரு."

ஜெம்மா சிரிக்கவில்லை. தாளை மேஜைமேல் போட்டாள். "ஆறாவது விதி என்ன? ஏன் காலியா இருக்கு?"

வேய்ன்தான் பதில் சொன்னான். அந்த ஐந்துக்கும் அடங்காதவர்களுக்குத்தான் ஆறாவதாம். ஒரே இடத்தில் பேரைப் பதிந்தால் போதும், நாட்டில் உரிமம் வாங்கிய எந்த இணையக் கேசினோவும் ஐந்து வருடத்துக்கு நம்மை உள்ளே விடாது. ட்ரெவர் தனக்கு முதலில் செய்துகொண்டாராம். போன வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேய்னுக்குச் செய்து கொடுத்தாராம்.

"மறுநாளே மனசு மாறிப் போய்க் கெஞ்சினேன். ஒரு பயலும் கதவைத் திறக்கல. இப்ப அந்த நேரத்துல மீன் பிடிக்கப் போறேன். மீனும் மாட்டுறதில்ல."

ஜெம்மாவின் குரல் இறங்கியது. "அப்போ கீரனுக்கும் செஞ்சு விட்டிருக்கலாமே?"

"கேட்டான். செய்யல" என்றார் ட்ரெவர். "அதை அடுத்தவங்களுக்காகச் செய்ய முடியாது கண்ணு. ஆடறவங்களே போனைக் கொண்டுவந்து உக்காரணும்." டீயை ஒரு வாய் குடித்தார். "கீரன் ஒரு நாளும் ஆடினதில்லை."

மேஜைமேல் கிடந்த தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இந்தத் தாள் உனக்கு எங்க கிடைச்சுது?"

"பால் பவுடர் டப்பாவுக்கு அடியில."

"ஒளிச்சு வைக்கிறவன் அங்கயா வைப்பான்?"

அந்த டப்பாவைத் திறப்பவள் அவள் ஒருத்திதான். ராத்திரி மூன்று மணிக்கு, ஒரு கையில் பால் புட்டி. இன்னொரு கை சும்மாதானே இருக்கும்.

'டிங்'. எல்சியின் போர்வைக்குள் வெளிச்சம் மினுங்கியது. எல்சி அதை எட்டிப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தாள். திரையில் பொடிப்பொடியாய்த் தங்கக் காசுகள் கொட்டின: உங்களுக்காக இருபது சுற்று இலவசம்.

வேய்ன் சாஸ் பாட்டிலைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்ததை எல்லாம் கவனமாகப் படிக்க ஆரம்பித்தான். மற்ற மூவருக்கும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க நிறைய இருந்தது.

ஜெம்மா குழந்தையின் கையிலிருந்து போனை விடுவித்துத் துடைத்தாள். பட்டன் போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டீக்குச் சர்க்கரை ரெண்டு" என்றாள். "எங்க அழுத்தணும்னு காட்டுங்க."