கல்லில் வெட்டிய வாக்கியம்

தினமும் காலையில் பாலை அடுப்பில் வைக்கிறேன். அது பொங்கி வரும்வரை முன்னாலேயே நிற்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டுக் குளிக்கிறேன். இன்று கூடுதலாக ஒரு சட்டையை இஸ்திரி போட்டேன். நாடகக் கொட்டகைத் திறப்பு விழா.

இடிக்கவிருந்த அந்தப் பழைய கொட்டகையைக் காப்பாற்ற ஊரைத் திரட்டியவள் என் மனைவி தேன்மொழி. போன ஆடியில், ஒரு காலை, அங்கே ஸ்கூட்டரில் போகும் வழியில் லாரி மோதி இறந்தாள். 'இந்த மேடை இருட்டாகக் கூடாது' என்பதுதான் அவளுடைய கடைசி வார்த்தை என்று அஞ்சலிக் கூட்டத்தில் குழுச் செயலாளர் பேச்சிமுத்து பேசினார். அதைக் கேட்டு ஊர் ஓடு சுமந்தது, நாற்காலி தந்தது. இப்போது கொட்டகை வாசல் கல்லிலும் அதை வெட்டியிருக்கிறார்கள். விழா தொடங்குமுன் பேச்சிமுத்து அண்ணன் என்னிடம் வந்தார்.

"தம்பி, மேடையேறி அதை உங்க வாயால ஒருதரம் சொல்லிருங்க. ஜனம் உருகிப்போயிரும்."

"அவ அப்படிச் சொல்லலையே அண்ணே."

"சொல்லலைன்னா என்ன, சொல்லக்கூடியவதானே? கல்லுல வெட்டியாச்சு தம்பி. இனிமே நீங்கதான் மாத்திக்கணும்."

மேடையேறினேன். மைக் இல்லை. மெதுவாகப் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கட்டிய கொட்டகை அது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். முன்வரிசையில் பேச்சிமுத்து அண்ணன் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

அன்று காலை எங்கள் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னதைச் சொன்னேன்.

"பால் அடுப்புல இருக்கு, பொங்கிராம பாத்துக்கங்க."