குரலுக்குப் பெயர் இல்லை

“எனக்கு இருபத்திரண்டு வயசு. என் இஷ்டத்துலதான் வேலைக்கு வந்தேன். வெளியே சித்தப்பா காத்துக்கிட்டிருக்கார், என்னை விட்டுடுங்க” என்றது மேஜை மேலிருந்த போன்.

நடுவயதுப் பெண்ணின் குரல். ஆனால் அந்த ‘நான்’ அவள் இல்லை. எதிர் நாற்காலியில் நகம் கடித்துக்கொண்டிருந்த பெண். போனில் மொழிபெயர்ப்பவர் அந்தப் பெண்ணாகவே பேச வேண்டும், சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, தன் பெயரையும் சொல்லக் கூடாது. இணைப்பு போனபின் கேட்டாலும், பேசியவர் யார், எந்த ஊர் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அரசாங்க விதி அப்படி.

இருபத்திரண்டாம்! பால் மணம் மாறாத முகம். அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் ஒரு கோழி வெட்டும் ஆலையில் ரத்தம் கழுவிக்கொண்டிருந்தவளைத் தொழிலாளர் துறை ஆட்கள் நேற்றுதான் அழைத்து வந்திருந்தார்கள். மார்த்தா என்று ஓர் அடையாள அட்டை வைத்திருந்தாள்.

மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டெனீஸுக்கு, கடத்தப்பட்டவர்களுக்கு உதவத்தான் அரசு சம்பளம். பெண் உண்மையைச் சொல்லிவிட்டால் காப்பகம், பள்ளிக்கூடம், இந்த நாட்டிலேயே தங்க அனுமதி எல்லாம் உண்டு. சொல்லாவிட்டால், வயது வந்தவள் என்று அந்தச் சித்தப்பனோடேயே அனுப்பியாக வேண்டும்.

“அவர் இந்தக் கதவைத் தாண்டி வர முடியாது கண்ணு. வாசல்ல போலீஸ்காரர் நிக்கிறார். நீ எந்தத் தப்பும் பண்ணலை” என்றாள் டெனீஸ்.

குரல் அதை மாம் மொழியில் சொன்னது. குவாத்தமாலா மலைக்காரர்களின் மொழி அது. இந்த நாட்டில் அதைப் பெயர்த்துச் சொல்லத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காலையிலிருந்து தவம் கிடந்து கிடைத்த குரல் இது.

பெண் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மளமளவென்று பேசினாள். குரலும் கூடவே வந்தது.

“என் பேரு மார்த்தா இல்லை. பபியானா. வயசு பதினாறு. அம்மா இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தப்ப நான் சின்னக் குழந்தை, பெரியம்மாதான் வளர்த்தாங்க. அம்மாகிட்ட சேர்த்துடறேன்னுதான் மூணு வருஷம் முன்னாடி சித்தப்பா கூட்டிட்டு வந்தார். எல்லை தாண்டினதும், உங்கம்மாவுக்கு வேற குடும்பம் ஆயிடுச்சு, நீ...”

குரல் அங்கே நின்றுவிட்டது.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் மேடம்.” செருமிக்கொண்டது. “நீ வேண்டாமாம்னு சொல்லிட்டார். ராத்திரி முழுக்க வேலை. கண் அசந்தா அடி.”

அதன்பின் டெனீஸ் கேட்காத எதையோ குரல் மாம் மொழியில் கேட்டது. பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவள் கை தானாக இடது காதுக்குப் பின்னால் போய் ஒரு பழைய தழும்பைத் தடவியது.

“என்ன கேட்டீங்க அவகிட்ட?”

“ஒரு நிமிஷம் மேடம்.”

“நான் சொல்றதை மட்டும்தான் நீங்க சொல்லணும். விதி தெரியுமில்ல?”

“தெரியும் மேடம். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், தயவு செஞ்சு.”

டெனீஸின் விரல் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானுக்குப் போனது. சென்ற வருடம் இதே மேஜையில் இன்னொரு பெண். போனில் மொழிபெயர்த்தவன் கடத்தியவனுக்கே மைத்துனன். வாயைத் திறந்தால் ஊரில் உன் தங்கச்சி இருக்க மாட்டாள் என்று அவன் மிரட்டிக்கொண்டிருந்தபோது, மொழி தெரியாத டெனீஸ் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போதும் குரல் படபடவென்று பேசிக்கொண்டே போனது. பெண் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் மோவாய் வழியாகச் சொட்டியது.

“நிறுத்துங்க. அவளை மிரட்டறீங்களா? யாரு உங்களை இந்த லைன்ல விட்டது?”

குரல் நிற்கவில்லை. அழுகிற மாதிரிகூட இருந்தது. இவர்களுக்கு நடிப்பா வராது என்று நினைத்தபடி டெனீஸ் பொத்தானை அழுத்தினாள். இணைப்பு போய்விட்டது.

பெண் பாய்ந்து போனை எடுத்து உலுக்கினாள். காதில் வைத்துப் பார்த்தாள்.

“பயப்படாதே கண்ணு. இனிமே அவ உன்கிட்ட பேசவே முடியாது.” டெனீஸ் ஸ்பானிஷில் சொன்னாள். இருவருக்கும் பொதுவாக அரைகுறையாகத் தெரிந்தது அது ஒன்றுதான். “என்னதான் சொன்னா அவ?”

பெண் வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னாள்.

“காதுக்குப் பின்னாடி சுட்ட தழும்பு இருக்கான்னு கேட்டாங்க. எல்லை தாண்டறப்ப நான் ஆத்தோட போயிட்டேன்னு சித்தப்பா அவங்ககிட்ட சொல்லிட்டாராம். வருஷா வருஷம் எனக்கு மெழுகுவத்தி ஏத்தறாங்களாம்.”

“யாரு?”

“இப்ப பேசினாங்களே... எங்கம்மா.”