அக்காவுக்கு ஒரு ரூம்

ராஜபாளையத்தில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு, அதே ஊர் லாட்ஜில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து வந்தார் சாம்சன். மகள் கல்யாணத்துக்கு வரப்போகும் அக்கா இன்பம், "ஒன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், ரூம் போட்டுரு" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். ஆறு வருஷக் கோபம். அதற்குத்தான் இந்தச் சோதனை ஓட்டம்.

"என்னய்யா ரூம் இது?" என்று மேனேஜர் சங்கரலிங்கத்தைப் பிடித்துக்கொண்டார். "ஃபேன் சுத்தாம சத்தம் மட்டும் போடுது. வெந்நீர் கேட்டா பச்சத்தண்ணி வருது. மூட்டைப்பூச்சி என்னைய முழுசாத் தின்னுட்டு ஏப்பம் விடுது!"

சங்கரலிங்கம் நெளிந்தார். "கோவிச்சுக்காதீய அண்ணாச்சி. அக்காவுக்கு மாடியில புது ஏசி ரூம் தாரேன்."

"அய்யய்யோ, குடியக் கெடுத்துராதீரும்!" சாம்சன் பதறிப்போனார். "இதுக்கு முந்தி நாலு லாட்ஜுல படுத்துப் பாத்துட்டேன். அம்புட்டும் சொகுசு. எனக்கு இந்த ரூம்தான் வேணும். பூச்சி மருந்து கீது அடிச்சுராதீரும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"எங்கக்கா கோவத்த ஆறு வருஷம் தாங்குவா. மூட்டைப்பூச்சிய அரை மணி நேரம் தாங்க மாட்டா. முகூர்த்த நாளு, வேற லாட்ஜுலயும் எடமிருக்காது. பொறவு பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்கய்யா போவா? தம்பி வீட்டுக்குத்தான வந்தாகணும்!"