மூன்றாவது துவக்கு

மூன்றாவது துவக்கும் ஞானரட்ணத்தின் சொல் கேட்கவில்லை.

சுட்ட ஐந்து சன்னங்களில் ஒன்றுகூட இலக்குத் தாளைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள்.

சன்னப் பெட்டியை ஏந்தியபடி பின்னால் நின்றான் பிரதீஸ். பாரிசில், லா சப்பலில் உள்ள ஞானரட்ணத்தின் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். இன்றைக்கு வேலை மொழிபெயர்ப்பு. முப்பத்தைந்து வருடமாகியும் முதலாளியின் பிரெஞ்சு கடை வாசலைத் தாண்டவில்லை.

புறநகர் பொண்டியில் வீடு வாங்கியதும் அவரைப் பிடித்துக்கொண்ட ஆசை இது. செவ்ரானில் உள்ள இந்தச் சுடும் கிளப்பில் சேர்ந்தார். கிளப்பின் மூத்த உறுப்பினர் லுசியான் தன்னுடைய பழைய துவக்குகள் மூன்றை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, சுட்டுப்பார்த்து வாங்க வந்திருந்தார். பயிற்சிக்கும் போட்டிக்கும் பாவிக்கிற சின்னச் சன்னத் துவக்குகள்.

தோளில் ஊன்றும் பிடங்கில் யார் யாருடைய கன்னங்களோ பட்டுப் பட்டு மரம் கறுத்துப் பிசுபிசுத்தது. அதிலேயே முதலாளி கன்னத்தை அழுத்தினார். ஒவ்வொரு சன்னத்தையும் நாக்கில் நனைத்த விரலால் எடுத்தார். எண்ணெய் மணமும் அவருடைய சென்ட் மணமும் கலந்து பிரதீஸின் மூக்கில் ஏறியது.

லுசியான் நல்ல மனிதர். துவக்கில் பிழை இல்லை, கைதான் கொஞ்சம் நடுங்குகிறது என்றார்.

பிரதீஸ் அதைத் தமிழில் சொன்னதும் ஞானரட்ணத்தின் முகம் கறுத்தது. துவக்கை மேசையில் வைத்தார். காதுக்கவசத்தைக் கழற்றினார். கண்ணைத் துடைத்தார்.

“அந்த மனிசனுக்குச் சொல்லடா, இந்தச் சத்தம் கேட்டா எனக்குக் கை நடுங்கும் எண்டு. முள்ளிவாய்க்காலிலை என்ரை தங்கச்சியைப் பறிகுடுத்தனான் எண்டு சொல்லு.”

பிரதீஸ் அவரையே பார்த்தான். முதலாளி பாரிசுக்கு வந்தது எண்பத்தெட்டில். சண்டை முடிந்ததை உணவகத்துத் தொலைக்காட்சியில் பார்த்தவர். கூடப் பிறந்தது நான்கும் ஆண்கள்.

“ஏன்ரா முழுசுறாய்? சொல்லு.”

மாதாமாதம் சம்பளத்துண்டு தருகிறவர் அவர். அது இல்லாவிட்டால் விசா இல்லை.

சொன்னான்.

முதலாளி விட்டு விட்டுச் சொன்னார். பதுங்குகுழி. பத்து வயதுப் பிள்ளை. ஷெல் கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, போத்தலோடு தண்ணீர் எடுக்க வெளியே ஏறினாள். பிறகு ஒரு சத்தம். ஒற்றைச் செருப்பு மட்டும் மிஞ்சியது.

எங்கே நிறுத்த வேண்டும், எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பிரதீஸின் வாயில் ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லும் ஊசிப்போன கறியாய் நின்றது. துப்ப முடியவில்லை. விழுங்கி விழுங்கிச் சொன்னான்.

சிரிப்பை விழுங்கியவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

லுசியான் மெல்லக் கேட்டார்: ஷெல் விழுந்துகொண்டிருந்த இடத்தில், அந்தச் சின்னப் பிள்ளை ஏன் தனியாக வெளியே போனாள்?

பிரதீஸ் அந்தக் கேள்வியைத் தமிழாக்கவில்லை.

தண்ணீருக்கு இல்லை, என்றான் பிரெஞ்சில். குழிக்குள் அயலட்டைச் சனம் எல்லாம் நெருக்கிக்கொண்டு இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் ஒன்றுக்கிருக்க அவளுக்கு வெட்கம். அதனால் போனாள்.

கிழவரின் கண்கள் நிறைந்துவிட்டன. ஞானரட்ணத்தின் கைகளைத் தன் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். மூன்றாவது துவக்குக்கு விலை வேண்டாம், பதிவு முடிந்ததும் எடுத்துக்கொள்ளச் சொல் என்றார்.

“என்னடா கேட்டவர்? நீ என்ன சொன்னனி?”

“நீங்கள் சொன்னதைத்தான் அண்ணை.”

பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே ஓடிப்போய், கார்கள் நிற்கும் இடத்து மதிலோரம் வாந்தி எடுத்தான்.

அகதி விசாரணையிலும் ஒரு பெண் இதே கேள்வியைத்தான் அவனிடம் கேட்டார். மூன்றுதரம் கேட்டார். முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் தன் தங்கச்சியைப் பற்றி அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தண்ணீர் எடுக்கப் போனவள் என்றே சொன்னான். கேஸ் எழுத ஆள் பிடித்துக் கொடுத்த ஞானரட்ணத்துக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

விசாரணையில் அவர்கள் நம்பவில்லை.