ஸ்பிரிங் வண்டியே போதும்

"ஸ்பிரிங் வண்டியே போதும், தம்பி" என்று அந்த அம்மாள் சொன்னபோது காத்துவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

காத்து என்பது மின்சாரக் கார் ஷோரூமில் கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். அங்கே ஒரே கார் இரண்டு விதமாக விற்பனைக்கு இருந்தது. ஒன்று, குலுக்கலைத் தாங்க வழக்கமான சுருள் ஸ்பிரிங் வைத்தது. இன்னொன்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த பை. அதுதான் ஏர் சஸ்பென்ஷன். யார் வந்தாலும் காற்று வண்டியின் புகழைத்தான் அவன் பாடுவான்.

பாடாமல் என்ன செய்வான்? அதன் மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. வாங்க வருபவர்களுக்குக் காட்ட தினமும் ரவுண்டானா வரை ஓட்டிப்போய், மனசே இல்லாமல் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்துவான். சாயங்காலம் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, குதித்துக் குதித்து ஓடும் பழைய பைக்கில் வீட்டுக்குப் போவான். ஒரு நாளாவது அவளைக் காற்று வண்டியில் ஏற்றிக்கொண்டு, ரவுண்டானாவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கவேண்டும் என்று அவனுக்கு ஏக்கம்.

இங்கே வாங்க வசதியுள்ளவர் வேண்டாம் என்கிறார்.

அந்த அம்மாள் ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். கிளட்ச் என்ன செய்தும் காலுக்கு வசப்படவில்லை, அதனால்தான் கிளட்ச் இல்லாத மின்சாரக் கார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கணவர் பேச்சு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"வண்டி ஓட்டறதுன்னா அவருக்கு உயிர், தம்பி. அவர் பக்கத்துல உக்காந்தே ஊரெல்லாம் பார்த்தவ நான். இப்ப அவரால ஓட்ட முடியாது. ஒரு வருஷமாச்சு, கார்னு சொன்னாலே சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறார். நான் ஓட்டற வண்டியில பழையபடி அவர் உக்காந்து வந்தார்னா அது போதும் எனக்கு."

இடுப்பாக இருக்கும், இல்லாவிட்டால் முதுகாக இருக்கும் என்று காத்து தானாகவே முடிவு கட்டிக்கொண்டான். அப்படியென்றால் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான்.

"ஸ்பிரிங் வண்டி வளைவுல கொஞ்சம் சாயும், மேடம். ரோட்டுல இருக்கிறதையெல்லாம் அப்படியே உடம்புக்குச் சொல்லும். ஏர் வண்டி வேகம் எடுத்தா தானே தாழ்ந்து தரையோட ஒட்டிக்கும். வளைவுல சாயாது, பள்ளம் தெரியாது. இன்ஜின் சத்தமும் கிடையாதா, கண்ணை மூடிக்கிட்டா போறோமா நிக்கிறோமான்னே தெரியாது."

அம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, நீங்களே ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார்.

காற்று வண்டியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டவர், திரும்பி வரும்வரை திறக்கவில்லை. வழியெல்லாம் அவன் விளக்கியது செவிடன் காதில் ஊதிய சங்காகப் போயிற்று. ஸ்பிரிங் வண்டியிலும் அதே தூக்கம்தான். ஆனால் நடுவில் கண்ணைத் திறக்காமலே, "அந்த ஆஸ்பத்திரி வளைவுல இன்னொரு தடவை போங்க" என்றார். போனான். இன்னொரு தடவையும் போகச் சொன்னார். இறங்கியதும்தான் ஸ்பிரிங் வண்டியே போதும் என்றது.

அன்று சாயங்காலம் பைக்கில் போகும்போது மனைவியிடம் கொட்டித் தீர்த்தான். "கட்டின புருஷன், அதுவும் முடியாத மனுஷன். அவருக்கு வாங்கறதுல போய்ச் சிக்கனம் பார்க்கறாங்க. பணம் இருந்து என்ன, மனசு வேணும்."

வண்டியை ஒப்படைக்கும் நாளில் அம்மாள் கணவரோடு வந்தார். மனிதர் நிமிர்ந்துதான் நடந்தார். இடுப்பிலும் கோளாறு இல்லை, முதுகிலும் இல்லை. மனைவியின் தோளில் மட்டும் ஒரு கை வைத்திருந்தார்.

காத்து சிரித்த முகத்தோடு சாவியை அவரிடம் நீட்டினான். அவர் பார்வை சாவியின் பக்கம் திரும்பவே இல்லை, கையும் அதை வாங்க வரவில்லை. அது வண்டியின் கூரையைத் தொட்டு, தடவிக்கொண்டே இறங்கி, கதவின் பிடியைத் தேடியது.

அன்றைக்கு அந்த அம்மாள் தூங்கவில்லை என்பது காத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் ஓட்டத்துக்கு அவனும் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். அம்மாள் ஓட்டினார். பக்கத்தில் கணவர் வாயைத் திறக்கவில்லை. வண்டியும் சத்தம் போடவில்லை.

வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. கணவரின் முகம் லேசாக நிமிர்ந்தது. ஒட்டுப்போட்ட தார் ரோட்டில் சக்கரங்கள் தடதடத்தன. அவர் நேராக உட்கார்ந்தார். வளைவு வந்தது, வண்டி மெல்லச் சாய்ந்தது. அவருடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தியது.

"ஆஸ்பத்திரி வளைவுதானே இது?"

"ஆமாங்க" என்றார் அம்மாள்.

"வளைவுக்குள்ள வந்தப்புறமா பிரேக் போடறது? வண்டி எப்படிச் சாயுது பாரு. முன்னாடியே வேகத்தைக் குறைக்க வேணாம்? எவன் உனக்குக் கத்துக்கொடுத்தான்?"

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. அடுத்த பள்ளத்துக்கு ஒரு திட்டு, அடுத்த திருப்பத்துக்கு ஒரு திட்டு. ரவுண்டானாவும் பின்னால் போய்விட்டது. கேட்கக் காத்துவுக்கே சங்கடமாக இருந்தது. "சார், மேடம் நல்லாத்தான் ஓட்டறாங்க" என்று குறுக்கே விழுந்தான்.

கண்ணாடியில் அம்மாள் அவனைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"திட்டட்டும், விடுங்க தம்பி. இதைக் கேக்கத்தானே ஸ்பிரிங் வண்டி வாங்கினேன்."