ஐந்தாம் வகுப்பு மீன்

மணி அடிப்பதற்கு முன்பே இந்துமதி டீச்சர் செத்த மீனை வெளியே எடுத்துவிட்டாள்.

பேப்பரில் சுருட்டி மதில் ஓரம் போட்டாள். பாலிதீன் பையில் கொண்டுவந்த புது மீனைத் தொட்டியில் விட்டாள். அதே நிறம், அதே அளவு.

அலுப்பாக இருந்தது. யாருக்காக இந்தக் கூத்து?

அறிவியல் பாடத்துக்கு வைத்த தொட்டி. மீன் பிழைத்தால் அது நல்ல தண்ணீர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, பள்ளிக்கூடத்து போர்வெல் தண்ணீரை ஊற்றினாள். முதல் மீன் இரண்டு நாள் தாங்கவில்லை. பிள்ளைகள் அழுத அழுகையில் அன்றைக்கு ஒருவரும் சத்துணவைத் தொடவில்லை.

சாயக்கழிவு நிலத்துக்குள் இறங்கிவிட்டது என்று சொல்லலாம்தான். பாதிப் பேருடைய அப்பன்மாருக்குச் சோறு போடுவது சாயப்பட்டறை. எந்த வாயால் சொல்வது?

அந்த மீனுக்கு வயசாகிவிட்டது என்று சொல்லி வேறொன்றை விட்டாள். அதற்குப் பிறகு செத்ததெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே, அதே போர்வெல் தண்ணீர் வரும் கை கழுவும் குழாயில் விஜயராணி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த வகுப்பு அபிராமியின் அம்மா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. திருச்செந்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம்.

டீச்சரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஒங்க புண்ணியம் டீச்சர். இந்தத் தண்ணியில மீனே சாவலன்னு அபிராமி சொன்னா. இனி லாரித் தண்ணிக்குக் காத்துக் கெடக்க வேண்டாம்லா. கைப்பிள்ளைக்கும் இதத்தான் காய்ச்சிக் குடுக்கேன்."

ஐயோ சாமி! இந்துமதி வெளியே ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கிக் கவிழ்த்தாள்.

"வேண்டாங்க! அந்த மீனெல்லாம் செத்துப்போச்சுங்க. நாந்தான் மாத்தி மாத்தி வுட்டுட்டு இருக்கேன்!"

விஜயராணி காலை நனைத்து ஓடிய தண்ணீரைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தாள். உள்ளே மீன் வாலை ஆட்டிக்கொண்டு சுற்றிவந்தது.

"அந்தா உசிரோடதான நீந்துது? பொழைக்க வந்தவளுக்குத் தண்ணி கெடையாதுன்னு நேராச் சொல்லிருங்க டீச்சர். எதுக்குப் பொய்யி?"

குடத்தை நிமிர்த்தி மறுபடியும் குழாயடியில் வைத்தாள்.

வகுப்புக்குள் பிள்ளைகள் வந்து தொட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த மீன் இப்போதே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் செத்துத் தொலைந்தால் தேவலை என்றிருந்தது இந்துமதிக்கு.